அந்தக் கடைசி வரி

“கடைசி வரி மட்டும் இன்னொரு தடவை!”

சவுண்ட் இன்ஜினியர் அம்மாள் மைக்கில் சொன்னதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பாடகர் மறுபேச்சில்லாமல் பாடினார்.

‘தப்பு என் மேலதான்... திரும்பி வந்துடு!’

இது பதினாலாவது தடவை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பாடகரின் குழுவில் சேர்ந்து ஒரு மாதமே ஆன டிரம்ஸ்காரனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பாடகருக்கு ‘வெடிகுண்டு’ என்று பெயர். இரண்டாம் தடவை பாடச் சொன்னாலே ஹெட்போனைக் கழற்றி எறிகிற மனிதர், இங்கே பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடக்கிறார். அதுவும் இந்த ஸ்டுடியோவில்தான் பாடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று வந்தவர்.

ஆனால் என்ன பாட்டு! ராக் என்றாலே காட்டுக்கத்தல் என்பாள் அவன் அம்மா. இந்த வரியைக் கேட்டால் அவளே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கோபித்துக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிவிட்ட மனைவியை நினைத்து, பாடகரே எழுதியது. அந்தப் புண்ணியவதி இதைக் கேட்டு மனசு மாறவேண்டுமே என்று டிரம்ஸ்காரன் மனதார வேண்டிக்கொண்டான்.

“இன்னொரு தடவை!”

அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. “கோவிச்சுக்காதீங்க மேடம். முதல் தடவையே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அதுல என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல. இப்படி ஒருத்தர் பாடி நான் கேட்டதே இல்ல.” அவள் பார்வை கண்ணாடியை விட்டு நகரவில்லை.

“அப்புறம் ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க? சம்சாரம் திரும்பி வரணும்னு உயிரைக் கொடுத்துப் பாடறார், பாவம்!”

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவன் திகைத்தான். இரண்டு அறைக்கும் தெரியும்படி மாட்டியிருந்த, பதிவின்போது எரியவேண்டிய சிவப்பு விளக்கு அணைந்து கிடந்தது.

“மேடம்! பதிவே ஆகலையே!”

“முதல் தடவையே ஆயிடுச்சு. மத்ததெல்லாம் எனக்காக. பதினோரு வருஷம் இவரோட குடும்பம் நடத்தினேன் தம்பி. இந்த வார்த்தை ஒருநாள்கூட அந்த வாயில வந்ததில்ல.”

மூக்கை உறிஞ்சிவிட்டு மைக் பொத்தானை அழுத்தினாள். “போதும், வெளிய வாங்க. வீட்டுக்குப் போலாம்.”

ஸ்பீக்கரில் பாடகரின் கரகரத்த குரல் வந்தது. “விளக்கு எரியலைங்கறதை ரெண்டாவது தடவையே பார்த்துட்டேன். நீ இதைச் சொல்ற வரைக்கும் பாடறதாத்தான் இருந்தேன்.”