வெளிர்மஞ்சள் வரி

மாலை நாலே கால். மணிலாவின் புறநகரில் ஒரு மாடி வீட்டு ஜன்னல் வழியாக மாரிவிக்கின் மேசையில் வெயில் விழுகிறது. பக்கத்து வீட்டு நெனிங் அக்கா முருங்கை மாத்திரைப் பெட்டி ஒன்றை அந்த வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். மஞ்சள் பெட்டி. அதை வடிவமைத்தவள் மாரிவிக் என்பது அக்காவுக்குத் தெரியாது. பச்சை இலையை வரைந்தவள் அவள். சட்டம் கேட்கும் எச்சரிக்கை வரியை இலைக்குக் கீழே வைத்தவளும் அவள்: 'இது மருந்து அல்ல, எந்த நோய்க்கும் மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது.' கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்றார் மாத்திரைக் கம்பெனிக்காரர். மஞ்சளின் மேல் வெளிர்மஞ்சளில், கடுகளவு எழுத்தில் வைத்தாள். வரி இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இலையப் பாரேன், இப்பத்தான் பறிச்ச மாதிரி! வரைஞ்ச கைக்கு முத்தமே குடுக்கலாம்." அக்கா சிரிக்கிறாள். "எங்க வீட்டு மனுஷனுக்குச் சர்க்கரை ஊசிய நிறுத்தி ஒரு மாசமாச்சு. மூணு வேளையும் இதுதான். கால் விரல் ஒண்ணுதான் கறுத்துப் போயிருக்கு."

மாரிவிக்கின் கை மவுஸின் மேலேயே கிடக்கிறது. மின்விசிறி ஒரு காகிதத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அக்கா பெட்டியை அவள் முகத்தருகே நீட்டுகிறாள். அக்காவின் விரல் நகம் இலைக்குக் கீழே வந்து நிற்கிறது.

"இந்த இடத்துல என்னமோ பொடி எழுத்தா இருக்கும்மா. உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே, படிச்சுச் சொல்லேன்."