வந்து சேர்ந்த மீன்கள்

முட்டைகள் மிதந்தன.

கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் பழுதில்லை. ஒன்றாவது கெட்டிருக்காதா என்று மறுபடி மொண்டாள்.

இதுவரை யாரும் பண்ணையில் வளர்த்திராத கடல்மீன். ஊசி போட்டுப் பார்த்தார்கள், கணவாயை நறுக்கிப் போட்டுப் பார்த்தார்கள். ராஜ உபசாரம்தான். சினை முற்றி வயிறு உப்பியும் ஒன்றுகூட முட்டையிடவில்லை.

இந்த மாதமும் இல்லையென்றால் தொட்டிகளைக் காலி செய்துவிட்டு அவரவர் ஊருக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஊரில் கணவனும் ஐந்து வயது மகளும் இருந்தார்கள். அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள் துள்ளினாள்.

ஆனால் மீன்கள் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக. மூக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது.

பார்க்கப் பொறுக்கவில்லை.

கடலில் இவை நீரோட்டத்தை எதிர்த்து வெகுதூரம் போய், ஆறு வந்து கலக்கும் இடத்தில்தான் முட்டையிடும். அது அவளுக்குத் தெரியும். பம்பைத் திருப்பித் தொட்டிக்குள் நீரை ஓடவிட்டாள். ஏமாற்றுவதையும் அரைகுறையாகச் செய்ய வராது அவளுக்கு. தினமும் கொஞ்சம் நன்னீர் கலந்து உப்பைக் குறைத்தாள்.

மீன்கள் சுவரை விட்டு விலகி நீந்த ஆரம்பித்தன. அதே வட்டத் தொட்டிதான், சுற்றிச் சுற்றி அங்கேயேதான். இன்று வந்து சேர்ந்துவிட்டதாக நம்பிவிட்டன.

மேனேஜர் ஓடி வந்தார். வாயெல்லாம் பல். "இனிமே உங்கள ஊருக்கு அனுப்புவோமா மேடம்? இந்த மீன் இருக்கறவரைக்கும் நீங்க இங்கதான்!"

சிரித்துவைத்தாள்.

போன் அடித்தது. மகள்தான்.

தொட்டிகள் காலியாவது உறுதி என்றிருந்த நாளில், மகளின் அழுகையை நிறுத்த, அம்மா கிளம்பிட்டேன் என்று அவசரப்பட்டுச் சொல்லியிருந்தாள். பம்பைத் திருப்பிய பிறகும் அதை மாற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை. சாயங்காலமானால் மகள் அதே கேள்வியோடு கூப்பிடுவாள். இவளும் தினமும் கொஞ்சம் கிட்டே வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னைக்கு எதுவரைக்கும் வந்திருக்கே?"

மீன்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

"நம்ம ஊர்ப் பாலத்துக்கிட்ட வந்துட்டேன்டா" என்றது அவள் வாய், பழக்கத்தில்.

"ஐ! அப்ப நான் வாசல்ல போய் நிக்கறேன்."

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு கதவுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம்.