அர்த்தம் தெரியாத நாலு வார்த்தை

"அக்கா, ஃபிகருன்னா என்ன அர்த்தம்?"

பிரேமா தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த தேவயானி, ஐம்பத்து மூன்று வயதில் கேட்கிற கேள்வியா இது?

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா அது?"

"ஒருத்தர் என்னைப் பார்த்துச் சொல்லிகினே இருக்காருக்கா."

தேவயானி வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, பர்ஸிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் தெலுங்கு எழுத்தில் நாலு வார்த்தைகளை எழுதி வைத்திருந்தாள். ஆந்திராவில் நகரிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தவள் அவள். காலேஜ் வாசலை மிதித்ததில்லை.

பிரேமாவோ எண்பதுகளில் தினமும் ரயிலேறிப் போய்ச் சென்னையில் படித்தவள். அந்தக் காலத்துப் பையன்கள் பேசிய பேச்சு முழுக்க அவளுக்கு அத்துப்படி. தேவயானி ஜாக்கெட் தைக்க வருவதோடு சரி, இதுவரை வீட்டு விஷயம் எதுவும் பேசியதில்லை. இன்றைக்கு ஆரம்பமே இப்படி.

"கெட்ட வார்த்தையா இருந்தா சொல்லிடுங்கக்கா. இன்னியோட அவருக்குப் பதில் பேசறதை நிறுத்திடறேன்."

"நல்ல வார்த்தையா இருந்தா?"

தேவயானி தலையைக் குனிந்துகொண்டாள். பிரேமா கையிலிருந்த துணியை ஓரமாக வைத்தாள்.

"ஃபிகருன்னா அழகான பொண்ணு. அப்புறம்?"

"சைட் அடிக்கிறது?"

"வெக்கமில்லாம பொண்ணுங்களையே பார்த்துகினு நிக்கிறது."

"ஆங், சரியாத்தான் இருக்கு. நான் வாசல் தெளிக்கறப்போ ஜன்னல் வழியா பார்ப்பாரு. கேட்டா, உன்னைத்தான் சைட் அடிக்கிறேன்னு அவரே சொல்றாரு. கடலை போடறதுன்னா?"

"ஒண்ணுமில்லாத விஷயத்தை மணிக்கணக்கா பேசறது. அதுவும் பொண்ணுங்ககிட்ட மட்டும்."

"ஐயோ, அதுவா? கொஞ்ச நேரம் கடலை போடலாமான்னு கேட்டாரு. நான் வேர்க்கடலையை வறுத்து ஒரு கிண்ணம் எடுத்துகினு போய்க் கொடுத்தேன்க்கா."

பிரேமாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கிண்ணத்தோடு போய் நிற்கிற அளவுக்கு விவகாரம் முற்றிவிட்டதே என்று கோபமும் வந்தது.

"அந்த ஆளுக்கு வயசென்ன?"

"அறுபது ஆவுதுக்கா."

"அறுபது வயசுல காலேஜ் பையன் பேச்சு கேக்குதா? சரி, உன் வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?"

"அவருக்குத் தெரியாதுக்கா." தேவயானி மறுபடி தாளைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு போலிருக்கே."

"டாவு. நேத்து என் தாலியைப் பார்த்ததும் அவருக்கு மூஞ்சி வாடிப்போச்சு. கல்யாணம் ஆனவளா நீ, தெரியாம டாவடிச்சிட்டேனேன்னு ரொம்ப நேரம் வருத்தப்பட்டாரு."

"காதலிக்கிறதும்மா அது. அந்த ஆளு உன்னைக் காதலிக்கிறானாம், போதுமா?"

தேவயானி தாளை நாலாக மடித்து மறுபடி பர்ஸில் வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனால் முகம் சிரித்தது.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பிரேமா எழுந்து செருப்பை மாட்டினாள். ஒரு குடும்பம் கண்ணெதிரே கெட்டுப்போக, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

"வா. அவன் வீட்டைக் காட்டு. நறுக்குன்னு நான் கேக்கறேன்."

"திட்டிடாதீங்கக்கா, அவருதான் எங்க வீட்டுக்காரரு" என்றாள் தேவயானி. "மறதி நோய் வந்து ஒரு வருஷமாச்சு. இன்னும் காலேஜ்ல படிக்கிறதாவே நெனைச்சிகினு இருக்காரு. முப்பத்திரெண்டு வருஷம் கூடவே வாழ்ந்தேன், ஒரு நாளும் என்னை அழகுன்னு சொன்னதில்ல. நான் யாருன்னு மறந்துபோன பிறகுதான் சொல்றாரு."