வெட்டிப் போட்ட கேபின்

“சுபா, உங்கப்பா நம்ம வண்டியை வெட்டிப் போட்டுட்டாரு!”

ஃபோனில் கணவன் பிரிட்டோவின் குரல் நடுங்கியது. சுபத்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“எந்த வண்டியை?”

“நம்மகிட்ட என்ன பத்து வண்டியா இருக்கு? ஜேசிபியைத்தான். கேபினை கேஸ் கட்டரால அறுத்து ஓரமா தள்ளி வெச்சிருக்காங்க. நீயே வந்து பாரு.”

அஸ்தினாபுரத்திலிருந்து வண்டலூர் வரை ஸ்கூட்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வெல்டிங் ஷெட் வாசலில் வண்டி தலையில்லாத முண்டம் மாதிரி நின்றது. சீட்டும் ஸ்டியரிங்கும் வெட்டவெளியில். பக்கத்தில் மண்ணில் கிடந்தது கேபின். கூரை தனி, தூண் தனி.

பழைய வண்டிதான். ஆனால் அவள் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து வாங்கியது. கேபின் முழுக்கத் துரு. திங்கட்கிழமை ஒரு பழைய வீட்டை இடிக்கிற வேலை வந்திருந்தது. அதற்குள் ஓட்டைகளை அடைத்து, மேலே பெயின்ட் அடித்துக் கொடுங்கள் என்றுதான் பிரிட்டோ வண்டியை இங்கே விட்டுப் போயிருந்தான்.

“யாரைக் கேட்டுண்ணா வெட்டினீங்க?” என்றாள்.

வெல்டர் சுவிசேஷமுத்து நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உங்கப்பா அவர் ஜேசிபி பக்கெட்டுக்குப் பல்லு வைக்க நேத்து வந்தார்மா. உங்க வண்டியைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கேபின் தூண்ல ஒரு குத்து குத்தினார். பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. ‘இது இன்னா வேலைக்குப் போவுது?’ன்னு கேட்டார். வீடு இடிக்கன்னு சொன்னேன். ‘அறுத்துப் போடுடா’ன்னார்.”

“அவர் சொன்னா அறுத்துடுவீங்களா? வண்டி எங்களோடதுண்ணா!”

“ஷெட்டு அவர் இடம்மா. நான் என்ன பண்றது? இதுக்கு மேல என்னை எதுவும் கேக்காதீங்க.”

டீக்கடையிலிருந்து ஒருவர் சத்தமாகவே சொன்னார். “மதம் விட்டு மதம் கட்டிக்கிச்சுல்ல, அந்த ஆத்திரம். பெத்த பொண்ணு பொழப்பையே அறுத்துட்டான் பாரு.”

பிரிட்டோ பல்லைக் கடித்தான். “ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் கொடுத்துடறேன்.”

“முதல்ல நான் அவர் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டுட்டு வரேன்” என்று கிளம்பினாள்.

அப்பாவின் ஊரப்பாக்கம் வீட்டு கேட்டை அவள் தொட்டே இரண்டு வருஷமாகிவிட்டது. கல்யாணம் முடிந்து வந்து நின்றவளை, ‘இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராதே’ என்று இதே கேட்டில்தான் திருப்பி அனுப்பினார் தட்சிணாமூர்த்தி.

இப்போது அவர் குழாயடியில் நின்று, முழங்கை வரை அப்பியிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. மறுபடி தேய்த்தது.

“எங்க வண்டியை வெட்டச் சொன்னது நீதானாப்பா?”

“ஆமா.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்பார், அந்த வெல்டர் பொய் சொல்கிறான் என்பார் என்று வழியெல்லாம் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“ஏம்ப்பா?”

“துருப்புடிச்ச டப்பா. அறுக்காம இன்னா பண்றது?”

“அது எங்க சோறுப்பா! திங்கட்கிழமை வண்டி போகலேன்னா கான்ட்ராக்டர் வேற ஆளைக் கூப்பிட்டுடுவாரு. என் மேல கோவம்னா என்னை அடி. என் வீட்டுக்காரர் உனக்கு என்ன பண்ணாரு?”

“கத்தாதே. தெருவுல பாக்கறாங்க.”

“பாக்கட்டும்! நீ எப்படிப்பட்ட மனுஷன்னு எல்லாரும் பாக்கட்டும். இனிமே எனக்கு அப்பாவே இல்ல!”

அவர் குழாயை மூடினார். கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு வீட்டின் பக்கவாட்டுக்கு நடந்தார்.

அவள் ஃபோன் அடித்தது. பிரிட்டோ.

“சுபா, அங்க சண்டை கிண்டை போடாதே. கிளம்பி வந்துடு.” அவன் குரல் இப்போது வேறு மாதிரி நடுங்கியது. “ஒரு மினி லாரி வந்திருக்கு. அதுல ஒரு கேபின். நம்ம மாடல்தான். பொட்டுத் துரு இல்ல, மேல சுவரே விழுந்தாலும் தாங்கும். வெல்டர் அண்ணா அவர் பாட்டுக்கு இறக்கி மாட்ட ஆரம்பிச்சிட்டாரு.”

“கேபினா? யாரு அனுப்பினது?”

“கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. ஆனா முன் கண்ணாடிக்கு மேல பேர் எழுதியிருக்கு.”

“என்ன பேரு?”

“உன் பேரு சுபா. பெயின்ட் கொஞ்சம்கூட அழியல.”

சுபத்ரா ஃபோனைக் காதிலிருந்து எடுக்க மறந்து, வீட்டின் பக்கவாட்டுக்கு ஓடினாள்.

காலி மனையில் அப்பாவின் ஜேசிபி நின்றிருந்தது. அவரே ஓட்டி, அவரே கழுவித் துடைத்து வைத்திருக்கிற வண்டி. அதில் ஸ்டியரிங் இருந்தது. லீவர்கள் இருந்தன. சீட்டு இருந்தது. அதற்கு மேலே, சுள்ளென்று வெயிலடிக்கும் வானம்தான் இருந்தது.

அவர் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

“அப்பா...” அவள் வண்டிப் படியைப் பிடித்துக்கொண்டாள். “உன் கேபின் எங்கப்பா?”

தட்சிணாமூர்த்தி மகளைத் திரும்பிப் பார்க்காமல் சாவியைத் திருகினார்.

“வெயில் காலமாச்சே... கொஞ்சம் காத்து வரட்டும்னு கழட்டிட்டேன்.”