மூலையில் ஒதுங்கிய மீன்

மனைவி ஊரிலிருந்து வருவதற்குள் அவளுடைய செல்ல மீனைத் தேற்றியாக வேண்டுமே என்று அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீன் வயிறு உப்பி, தொட்டியின் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது.

தண்ணீர்தான் கெட்டிருக்கும் என்று கால் பங்கை எடுத்துவிட்டு, குளோரின் நீங்கிய தண்ணீரை மெல்ல ஊற்றினார். கல்லுப்பும் கொஞ்சம் கரைத்துவிட்டார்.

மறுநாள் மனைவி வந்தபோது மீன் ஒல்லியாகி, துள்ளி நீந்திக்கொண்டிருந்தது.

“பாத்தியா, என் வைத்தியத்துல வீக்கம் வடிஞ்சிடுச்சு!”

அவள் தொட்டியிலிருந்த பாசிக்குள் உற்றுப் பார்த்தாள். கடுகு கடுகாகக் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.

“வடியலைங்க, பெத்துடுச்சு! முட்டை போடாம குஞ்சாவே பெத்துக்கிற சாதிங்க இது!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவர் முகத்தில் அசடு வழிந்தது. “தாயே, ஆஸ்பத்திரியில யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே!” என்று கெஞ்சினார், ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த அந்த டாக்டர்.