நான்காம் படுக்கைக்கு இருபத்தேழு

"இன்னைக்கு எவ்வளவு வந்திருக்கு சிஸ்டர்?" என்று நான்காம் படுக்கைக்காரரின் மனைவி வார்டு வாசலிலேயே என்னை மறித்தார்.

இருபத்தேழு என்றேன். நேற்று முப்பத்தொன்று. அந்த அக்காவின் முகம் தொங்கிவிட்டது.

ஸ்கூட்டர் சறுக்கித் தலையில் அடிபட்டு, நான்காம் படுக்கையில் அவர் நினைவில்லாமல் கிடப்பது இது ஒன்பதாவது நாள். தினமும் காலையில் நான் ரத்தம் எடுப்பேன். சோடியம், சர்க்கரை, சிவப்பணு என்று எல்லோருக்கும் பார்க்கிற அதே சாதாரணப் பரிசோதனைதான்.

அந்த அளவுகள் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதை வைத்து, இந்த மனிதருக்கு நினைவு திரும்ப நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர் சொல்லிவிடுமாம். டாக்டருக்கு அதன்மேல் அப்படியொரு பாசம். சொந்தப் பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல் சொல்வார்.

எண் ஏறினால் அக்கா எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார். இறங்கினால் கம்ப்யூட்டரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்.

இன்று திட்டக்கூட இல்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அதற்கு இந்த மனிதரைத் தெரியாது. எனக்குத் தெரியும், பதினோரு வருஷமாக. எல்லாம் போனில்தான். ஒவ்வொரு தடவையும் என்னை அழவைக்காத குறை.

பையிலிருந்து ஊதா மூடி போட்ட ரத்தக் குழாய் ஒன்றை எடுத்தேன். அவர் காதருகே வைத்து, இருமல் மருந்து பாட்டிலைக் குலுக்குவதுபோல் சளக் சளக்கென்று குலுக்கினேன். மூன்று நாளாக யாரும் பார்க்காத நேரத்தில் இதைச் செய்கிறேன். இன்று அக்கா பார்த்துவிட்டார். எனக்கு மறை கழன்றுவிட்டது என்றே நினைத்திருப்பார்.

படுத்திருந்தவர் புருவம் சுருங்கியது.

இன்னும் பலமாகக் குலுக்கினேன்.

கண் பாதி திறந்தது. குழாயைத் தேடிப் பிடித்தது. உதடு அசைந்தது.

"குலுக்காதீங்க சிஸ்டர்... செல்லு உடையும். வேற எடுத்து அனுப்புங்க."

அக்கா அவர் கால்மேலேயே விழுந்து அழுதார். நானும் சிரித்துக்கொண்டே அழுதேன். ஓடி வந்த டாக்டர், கையிலிருந்த கம்ப்யூட்டர் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

குழாயில் இருந்தது சிவப்பு மை கலந்த தண்ணீர். காலையில் எடுத்த நிஜ ரத்தத்தை எட்டே தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, அப்போதே கீழே லேபுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒன்பது நாளாக நான் அனுப்பிய ஒரு குழாயைக்கூட லேப் திருப்பி அனுப்பவில்லை. போன் போட்டுத் திருப்பி அனுப்புகிற லேப்காரர் இங்கேதானே படுத்திருந்தார்.