கை கொடுக்காதவன்

செவ்கே அவள் காலை மிதித்தான். மிதித்துவிட்டுக் கை கொடுக்கவில்லை.

மேடைக்குப் போகிற ஒடுக்கமான வழியில்தான். ஹந்தா நின்று அவன் கை நீளட்டும் என்று பார்த்தாள். அவனோ குதிரைத்தலைப் பிடிலை இடது கக்கத்தில் இடுக்கியபடி, வில் பிடித்த வலது கையை அங்கியின் நீண்ட கைக்குள்ளிருந்து வெளியே எடுக்காமலே அவளைத் தாண்டிப் போனான்.

உலான்பாதர் பஸ் நெரிசலில் முன்பின் தெரியாதவன் மிதித்தால்கூட அடுத்த நொடி கையை நீட்டிவிடுவான். குடிகாரனும் மறக்கமாட்டான். தொடாமல் போனால் இருவருக்கும் பகை என்று அர்த்தம்.

“மிதிச்சா கை கொடுக்கணும்னு உங்கம்மா சொல்லித் தரலயா?”

“வழிய மறிச்சிக்கிட்டு நின்னா மிதிபடத்தான் செய்யும்,” என்றான், திரும்பாமலே.

ஹந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்குக்கூடவா?

ஒரு காலத்தில் அவன் அவள் புருஷன். ஒரு கோடையில் அவன் வெளியூர்த் திருவிழாவுக்கு வாசிக்கப் போயிருந்தபோது, அவனுடைய குதிரைகளை ஒன்றுவிடாமல் விற்று, மகள் ஸூலாவைச் சியோலுக்கு விமானம் ஏற்றினாள் ஹந்தா. அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டான்.

திரும்பி வந்து காலி மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துவிட்டு அவளை விட்டுப் போனவன்தான். அதன் பிறகு மகள் பெயரை அவன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஸூலா அங்கே விசா முடிந்தும் தங்கிவிட்டாள். ஊருக்கு வந்தால் மறுபடி போக முடியாது. ஹந்தா போகலாமென்றால் அவளுக்கு விசா கிடைக்கவில்லை. மகளின் முகம் போன் திரையில் மட்டும்தான்.

இப்போது சியோலிலிருந்தே கலாசாரப் பரிமாற்றக் குழு ஒன்று வந்திருந்தது. ஒரே அசையை நீட்டி நீட்டிப் பாடும் மங்கோலிய நெடும்பாட்டுக்கு உதவப்போகிறார்களாம். அந்தக் காலத்தில் ஹந்தா பாடி செவ்கே வாசித்த ஒலிநாடா ஒன்றைக் கேட்டுவிட்டு, இதே பாடகியும் இதே பிடிலும் சேர்ந்துதான் வேண்டும் என்றார்கள். நேரில் கேட்டுப் பிடித்துவிட்டால் வசந்தத்தில் சியோல்.

வெட்கத்தை விட்டு அவனுக்குச் சொல்லி அனுப்பினாள். உடனே சரி என்றுவிட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல். பெற்ற மகளுக்காக ஒரு வார்த்தை பேசாதவன், வெளிநாட்டுக் கைதட்டல் என்றதும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

மேடையில் உட்கார்ந்தார்கள். எதிரே குழுவினர். ஹந்தா பாடத் தொடங்கினாள்.

இரண்டாவது இழுப்பிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. வில் தளர்ந்திருந்தது. வில்லின் மயிரை விரலால் இறுக்கினால்தான் நாதம் கனக்கும். செவ்கேவுக்கு அது தூக்கத்திலும் வரும். இன்று விரலே இல்லாதவன் மாதிரி மேலாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வேண்டுமென்றே செய்கிறான். குதிரைகளுக்குப் பழி வாங்குகிறான். அவளை மகளிடம் போகவிடாமல் அடிக்கத்தான் சரி என்றிருக்கிறான்.

பாவி, உன்னைச் சந்தி சிரிக்க வைக்கிறேன் பார்.

அவள் மூச்சை விடவில்லை. ஒரே அசையை இழுத்தாள், வளைத்தாள், அவன் எதிர்பார்த்த இடத்தில் இறக்காமல் இன்னும் மேலே கொண்டுபோனாள். அவன் தடுமாறட்டும் என்று தொண்டை கிழிய அங்கேயே நீட்டிப் பிடித்தாள். அவன் விடவில்லை. நெற்றியில் வியர்வை வழிய, தோளையே முன்னும் பின்னும் தள்ளி, அவள் போன இடமெல்லாம் வந்தான். அந்தத் தளர்ந்த நாதமும் கூடவே வந்தது.

பாட்டு முடிந்ததும் குழுத் தலைவி எழுந்து நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது. இப்படியொரு ஒற்றுமையைத் தான் கேட்டதேயில்லை என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னாள்.

“வசந்தத்துல ரெண்டு பேரும் சியோலுக்கு வர்றீங்க. கை கொடுத்துக்கங்க, ஒரு படம் எடுத்துக்கறோம்,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ஹந்தா பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். செவ்கே நீட்டவில்லை. எழப் பார்த்தான். வலது கால் தரையில் இழுபட்டது. பிடித்துக்கொள்ள எதையோ தேடியதில் அங்கியின் கை மேலே ஏறியது.

இடுப்புப் பட்டுத் துணியைக் கிழித்து, விரல்களை வில்லோடு சேர்த்துக் கட்டியிருந்தான். வெளிறிப்போன விரல்கள். அவற்றில் ஒன்றுகூட அசையவில்லை.

அவள் மட்டும்தான் பார்த்தாள். குழுத் தலைவி கேமராக்காரரை அழைத்துக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தாள்.

ஹந்தா ஓங்கி அவன் காலை மிதித்தாள்.

“அடடா, மிதிச்சிட்டேனே,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, முறைப்படி கை கொடுத்தாள். தன் கையை அவன் அங்கிக் கைக்குள்ளேயே விட்டு, கட்டோடு சேர்த்து அவன் கையைப் பிடித்து, அங்கியைக் கீழே இழுத்து மூடினாள். அவன் விரல்கள் சில்லிட்டிருந்தன.

கேமரா மின்னியது. இதுவும் இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று குழுவினர் கைதட்டினார்கள்.

“இது சமாதானம்னு நெனச்சிக்காத,” என்றாள் ஹந்தா, சிரித்த முகம் மாறாமல்.

செவ்கே கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது.

“ஸூலாகிட்ட கைய பத்திச் சொல்லிடாத.”

ஹந்தா பிடியை விடவில்லை.

“சொல்லத்தான் போறேன்,” என்றாள். “நீ மிதிச்சிட்டுப் போனதையும் சேர்த்துச் சொல்லுவேன்.”